வேகம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்,

இணைய வேகம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் தங்கைக்குக் காது கேட்காது, வீடியோ அழைப்பில் சைகை மொழியில்தான் பேசிக்கொள்கிறோம், வேகம் எவ்வளவு காட்டினாலும் சரி, படம் ஒரு நொடி உறைந்தால் அவள் சொன்ன ஒரு சொல்லே போய்விடுகிறது. எங்களுக்கு முக்கியம் தாமதமும், தரவுத் துண்டுகள் வழியிலேயே தொலைந்துபோகும் பாக்கெட் இழப்பும்தான். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர ஆகும் ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. இதை இணைய நிறுவனங்களின் எந்த விளம்பரத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம் இன்னொன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 'மொபைல் ஏஎஸ்எல்' (ஏஎஸ்எல் என்றால் அமெரிக்க சைகை மொழி) என்ற ஆய்வு நடந்தது. தோல் நிறத்தை வைத்து முகமும் கைகளும் எங்கே இருக்கின்றன என்று மென்பொருளே கண்டுபிடித்து, அந்த இடங்களுக்கு மட்டும் அதிக பிட்டுகளை, அதாவது அதிகத் தரவைக் கொடுத்து, பின்னால் உள்ள சுவரை மங்கலாக விட்டுவிடும், கை அசையாதபோது நொடிக்கு அனுப்பும் ஃபிரேம்களை (படங்களை) குறைத்து பேட்டரியையும் மிச்சப்படுத்தும். எவ்வளவு அழகான யோசனை! குறைந்த வேக செல்போன் இணைப்பிலேயே சைகையில் பேச வேண்டும் என்பதற்காகச் செய்தது இது. செயலிகளை உருவாக்குபவர்களே, நாம் தினமும் பயன்படுத்தும் செயலிகளில் சைகை மொழிக்கென்று இப்படி ஒரு வசதியைத் தயவுசெய்து வையுங்கள்.

ஒரு வாசகி, மதுரை