குவாரியின் குப்பைமேட்டைச் சலித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழடி, கொடுமணல் செய்திகள் வரும்போதெல்லாம் எகிப்தின் பெரனிகே, குசேர் துறைமுகங்களில் கிடைத்த தமிழ் பிராமி பானை ஓடுகளும் பேசப்படுகின்றன. மகிழ்ச்சி. ஆனால் அதே பாலைவனத்தில், நைல் ஆற்றுக்கும் செங்கடலுக்கும் நடுவே மலைகளுக்குள் இருக்கும் மோன்ஸ் கிளாடியானஸ் என்ற ரோமானியக் கல்குவாரி தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமாகவே இல்லை. கல்குவாரிகள் நிறைந்த நம் மாநிலம் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய.

கி.பி. முதல் நூற்றாண்டு முதல் மூன்றாம் நூற்றாண்டு வரை இங்கே கல் எடுத்திருக்கிறார்கள். ரோம் நகரின் பாந்தியன் கோயில் முகமண்டபத்தில் இன்றும் நிற்கும் சாம்பல் நிறத் தூண்கள் இங்கிருந்து போனவைதாம். ஒவ்வொன்றும் ஒரே கல். உயரம் ஏறத்தாழ 12 மீட்டர், எடை சுமார் 60 டன். நைல் கரைக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான பாலைவழி. பன்னிரண்டு சக்கர வண்டிகள் இருந்ததற்கு அங்கேயே எழுத்துச் சான்று உண்டு. ரோமப் பேரரசர் ஹாட்ரியன் ஆட்சித் தொடக்கத்தில் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதப்பட்ட ஒரு கடிதம், 50 அடித் தூண் ஒன்றை இழுக்க ஏராளமான விலங்குகள் வந்திருப்பதால் வாற்கோதுமை தீர்ந்துகொண்டிருக்கிறது, உடனே அனுப்புங்கள் என்று அவசரப்படுத்துகிறது.

பாறையைப் பிளந்த முறை பற்றி ஒரு கதை நம்மிடையே பரவியிருக்கிறது: குழி தோண்டி மரஆப்பு வைத்து நீர் ஊற்றினால் மரம் ஊதிப் பாறை பிளந்துவிடும் என்று. மோன்ஸ் கிளாடியானஸ் குழிகளைப் பார்த்தால் இது பொருந்தவில்லை. அவை சிறியவை, கீழே போகப் போகக் குறுகுபவை. அந்த வடிவக் குழியில் ஊறிய மரம் மேல்நோக்கித்தான் பிதுங்கும். அங்கே அடிக்கப்பட்டது இரும்பு ஆப்பு. கோடு போட்டு, குழிகளை வரிசையாக வெட்டி, எல்லாவற்றிலும் ஆப்பை நிறுத்திவிட்டு, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓர் ஆப்புக்கு ஒரு சம்மட்டி அடி என்று மாறி மாறி இறக்க வேண்டும். ஒரே ஆப்பை ஆழ அடித்தால் பிளவு கோட்டை விட்டு விலகி, பல நாள் வேலை வீணாகும். நம் ஊரில் சம்மட்டி பிடிப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமல்லபுரம் பாறைகளிலும் இத்தகைய ஆப்புக்குழி வரிசைகளைக் காணலாம். கல்லுக்குள் மறைந்திருக்கும் விரிசல் வேறு தொல்லை. சுமார் 200 டன் எடையுள்ள ஒரு பெருந்தூண் உடைந்து, வெட்டிய இடத்திலேயே இன்றும் கிடக்கிறது.

தூணைவிடப் பெரிய செல்வம் குடியிருப்பை ஒட்டிய குப்பைமேட்டில் இருந்தது. 1987 முதல் 1993 வரை நடந்த அகழாய்வில், மையால் எழுதப்பட்ட 9,000க்கும் மேற்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. 900 பேருக்கு மேல் குடிநீர் பங்கிட்ட கணக்கு ஓர் ஓட்டில். காவலாளிகளின் பெயரும் அன்றைய அடையாளச் சொல்லும் இன்னொன்றில். கண் நோயாளிகள், தேள் கொட்டியவர்கள் எனப் படுத்துக்கிடந்தவர்களின் பட்டியல்களும் உண்டு. குவாரி என்றாலே சங்கிலியில் கட்டிய அடிமைகள் என்று நினைத்த ஆராய்ச்சி உலகத்தையே இந்த ஓடுகள் திருத்தின: தேர்ந்த எகிப்தியக் கல்தொழிலாளிக்கு மாதம் 47 டிராக்மா (அக்கால நாணயம்) கூலியும் ஓர் ஆர்ட்டபா (எகிப்திய தானிய அளவு) கோதுமையும் தரப்பட்டிருக்கின்றன. குப்பையில் மிளகும் இருந்தது! பெரனிகே கோயில் முற்றத்தில் இந்தியச் சாடி ஒன்றில் கிடைத்த 7.55 கிலோ மிளகைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். துறைமுகத்தைத் தாண்டி, நம் மேற்கு மலைத்தொடரின் மிளகு நடுப்பாலைவனத்துக் குவாரிவரை போனதுதான் இன்னும் வியப்பு.

இவை கிடைத்ததற்குக் காரணம், குப்பையை அடுக்கடுக்காக எடுத்துச் சலித்ததுதான். மிளகு நான்கைந்து மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் கண் சல்லடையில் நழுவிவிடும். ஓடுகளைக் கையாள்வதும் அப்படியே. நம் தமிழ் பிராமி எழுத்துகள் ஓட்டில் கீறப்பட்டவை, கழுவினாலும் நிற்கும். அங்கே போலக் கரி மையால் எழுதியதைத் தேய்த்துக் கழுவினால் செய்தியே போய்விடும்.

இங்கே என்ன நடக்கிறது? பழைய ஆப்புக்குழி உள்ள பாறையும், அதன் அடியில் குவிந்த கழிவுமேடும் யாரும் பார்க்காமலே கிரஷருக்குப் போய் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் திரும்புகின்றன. குத்தகை தரும் முன் நிலஅளவை செய்வது போல, தொல்லியல் அறிந்த ஒருவர் ஒரு நாள் அந்த இடத்தை நடந்து பார்த்துப் படமெடுத்து அறிக்கை தருவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

குவாரி நடத்துவோருக்கும் மேஸ்திரிகளுக்கும் ஒன்று. பானை ஓடோ காசோ தென்பட்டால் அந்த இடத்தில் பொக்லைனை நிறுத்துங்கள். எடுப்பதற்கு முன் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். மேல்மட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்று குறியுங்கள். காசைப் புளியிட்டுத் தேய்க்க வேண்டாம். முத்திரையின் விளிம்பு தேய்ந்தால் எந்த அரசர் என்பதே தெரியாமல் போகலாம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்த நாள் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவர் தமக்குரிய பங்கை இழப்பார். ஓராண்டுவரை சிறையும் உண்டு.

இப்படிக்கு,
தொல்லியல் வாசகர்கள் சிலர்,
ஈரோடு