இத்தாலியிலிருந்து ஒரு பதிவுத் தபால்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்,
மாசி, சனிக்கிழமை

அன்புள்ள மாப்ளே துரைக்கு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. தேங்காய் போடுகிற வேலையில் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற கையோடு மகளைப் பார்க்க ஸ்டுட்கார்ட் போய், அங்கே பைக் வாடகைக்கு எடுத்து ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து சுற்றி இத்தாலி ஏரிக்கரை வரை ஓட்டப் போகிறாயாமே. தங்கச்சி "இந்த வயசுல இடுப்பு தாங்குமா" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். அதை நீயும் அவளும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அபராதத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அந்தப் படிப்பை யூரோவில் பீஸ் கட்டிப் படித்தவன் நான்.

போன வருஷம் மே மாதம் மிலானில் மகன் வீட்டில் மூன்று வாரம் இருந்தோம் அல்லவா? அப்போது இரண்டு நாள் சின்னக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து கார்தா ஏரியைச் சுற்றினேன். நல்ல ரோடு, யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. ஊருக்கு வந்து அதையெல்லாம் மறந்தும் போனேன்.

இந்தத் தை கடைசியில் களத்தில் காய் உரித்துக்கொண்டிருந்தோம். தபால்காரர் வந்து, "இதுல ஒரு ஒப்பு வேணும், வெளிநாட்டுத் தபால்" என்றார். தடித்த கவர். பிரித்தால் நாலைந்து தாள், அத்தனையும் இத்தாலிய மொழி. எனக்குப் புரிந்தது என் பெயரும், என் அப்பா பெயரும், ஒரு கார் நம்பரும், 67, 62, 50 என்று மூன்று எண்களும்தான். பேத்தி செல்போனைத் தாள் மேல் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தாள். தலைப்பில் "வாய்மொழி" என்று வந்தது. வாய்மொழியாகச் சொல்ல வேண்டியதை எதற்கடா இத்தனை தாளில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் சிஸ்டர் ஞாபகம் வந்தது. இங்கே மடத்தில் ஓய்வில் இருக்கும் சிஸ்டர் ஒருவர் 22 வருஷம் இத்தாலி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். இந்தப் பக்கத்தில் அப்படி நிறையப் பேர் உண்டு, உனக்கே தெரியும். கவரை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளைப் படித்ததுமே சிரித்துவிட்டார். "கவுண்டரே, இது ஸ்பீடு பைன். வெர்பாலே என்றால் போலீஸ் எழுதும் குற்ற அறிக்கை."

கணக்கு இப்படி. இயந்திரம் அளந்த வேகம் 67. இயந்திரப் பிழைக்காக 5 கழித்து 62. அனுமதித்த வேகம் 50. ஆக 12 கிலோமீட்டர் கூடுதல். அங்கே 10 வரை கூடுதலாகப் போனால் 42 யூரோ. 10-ஐத் தாண்டி 40-க்குள் என்றால் 173 யூரோ. அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு நான் கொடுத்த விலை 131 யூரோ, மாப்ளே. ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஏழுக்குள் ஓட்டியிருந்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு சேருமாம். கையில் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. எங்களுக்கு அதில் இரண்டு நாள் மொழிபெயர்ப்பிலேயே போயிற்று. மகனுக்குப் போன் போட்டு, அவன் நாலாம் நாள் 121 யூரோவும் தபால் செலவும் கட்டினான். இது போதாதென்று வாடகைக் கம்பெனி, என் விலாசத்தை அங்கே தெரிவித்த 'சேவைக்கு' என்று 48 யூரோவை என் கார்டிலிருந்து முன்பே எடுத்திருக்கிறது. வங்கிக் கணக்கை ஒழுங்காகப் பார்க்காததால் அது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. பார்த்தால், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே பொடி எழுத்தில் இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து அனுப்பினால் செல்லுமா என்று வக்கீல் மாதிரிக் கேட்டேன். அந்த நாட்டில் குடியிருப்பவருக்கு 90 நாளுக்குள் அனுப்ப வேண்டும், வெளிநாட்டுக்காரருக்கு 360 நாள் வரை நேரமிருக்கிறது என்றார் சிஸ்டர். கடைசித் தாள் ஒரு படிவம். யார் ஓட்டியது என்று எழுதி 60 நாளுக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அதற்குத் தனி அபராதம். அதையும் சிஸ்டரே நிரப்பிக் கொடுத்தார்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. எந்த இடத்தில் தப்புச் செய்தேன் என்று தெரியாததுதான் உறுத்தியது. 50 என்று போர்டு எதையும் நான் பார்க்கவில்லை, சத்தியமாக. சிஸ்டரிடம் சொன்னேன். "ஊர்ப் பெயர் போர்டு பார்த்தீர்களா?" என்றார். பார்த்தேன், வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. "அதுதான் 50" என்றார். ஐரோப்பாவில் பாதி நாடுகளில் ஊர்ப் பெயர்ப் பலகையே வேக வரம்பாம். எண் எழுத மாட்டார்கள். இத்தாலியில் வெள்ளை, ஜெர்மனியில் மஞ்சள், பிரான்ஸில் சிவப்பு விளிம்பு. அந்தப் பலகையைத் தாண்டிய நொடியிலிருந்து 50. ஊர் முடியும் இடத்தில் அதே பெயரின் மேல் குறுக்கே கோடு போட்டிருப்பார்கள். அதுவரை கையை முறுக்கக் கூடாது. நமக்கு ஊர்ப் பெயர்ப் பலகை என்றால் டீக்கடை வரப்போகிறது என்று அர்த்தம், வேறென்ன?

இன்னொரு வேடிக்கை. கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே போர்டு வைத்தாக வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். வைத்தும் இருக்கிறார்கள். 'கன்ட்ரோல்லோ எலெத்ரோனிகோ' என்று சிஸ்டர் வாசித்துக் காட்டியதும் எனக்கு அந்தப் பலகை அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. ஏதோ மின்சார வாரிய எச்சரிக்கை என்று நினைத்துக் கடந்தேன்.

யோசித்துப் பார்த்தால், நாற்பது வருஷமாக நான் ரோட்டில் பலகையைப் படித்தே ஓட்டியதில்லை. ஆளைப் பார்த்துத்தான் ஓட்டியிருக்கிறேன். புளியமரத்தடியில் காக்கி நிற்கிறதா, எதிரே வருகிற வண்டி லைட் அடிக்கிறதா, முன்னால் போகிற கள்ளு வண்டி திடீரென்று மெதுவாகிறதா என்றுதான் பார்ப்பேன். எங்கள் பக்கத்துச் சித்தூரிலிருந்து விடியற்காலை கிளம்பும் கள்ளு வண்டிகளின் வேகம் உனக்குத் தெரியும். அவர்களே அடங்கிப் போனால் முன்னால் ஜீப் நிற்கிறது என்று பொருள். ஏரிக்கரையில் அப்படி ஒருவரும் இல்லை. அதனால் நான் சுதந்திரமாக இருந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் இப்போது கேமரா வந்துவிட்டதே, அதிலிருந்து பழகியிருக்கலாமே என்று கேட்பாய். 2023 ஜூன் 5-ல் கேரளத்தில் அபராதம் தொடங்கியபோது 726 கேமரா என்று கணக்குச் சொன்னார்கள். அதில் 675 ஹெல்மெட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் செல்போனுக்கும். வேகத்துக்கு நிலையாக நாலு, வண்டியில் வைத்து நாலு, ஆக எட்டு. இந்தக் கேமரா மண்டையைப் பார்க்கிறது, வேகம் காட்டும் முள்ளைப் பார்ப்பதில்லை. நாங்களும் மண்டையை மூடப் பழகினோம், முள்ளைப் பார்க்கப் பழகவில்லை. சாயங்காலம் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் நின்று பார். பொள்ளாச்சியிலிருந்து முழங்கையில் ஹெல்மெட்டைத் தொங்கவிட்டு வருகிறவர்கள் எல்லை வந்ததும் வண்டியை ஓரம் கட்டி மாட்டிக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் உங்கள் பக்கம் ஹெல்மெட் இல்லையென்றால் 1,000, எங்கள் பக்கம் 500. ஆனாலும் பயம் 500-க்குத்தான். 1,000 ரூபாய்க்காரரிடம் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு நம்பிக்கை. கம்பத்தில் இருக்கிறவன் பேச மாட்டான். என் வீட்டுக்காரியும் ஒருமுறை பின்சீட்டில் ஹெல்மெட் இல்லாமல் மாட்டினாள். போட்டோவோடு அபராதச் சலான் வந்தது. 500 போனதைவிட, போட்டோவில் குண்டாகத் தெரிகிறேன் என்பதுதான் அவளுக்கு வருத்தம்.

இருசக்கர வண்டிக்கு இங்கே 2023 ஜூலையிலிருந்து 70-ஐ 60 ஆகக் குறைத்திருக்கிறார்கள். எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்காதே.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த அடி விழுந்த பிறகு மகனிடமும் சிஸ்டரிடமும் கேட்டு, நானும் தேடிப் படித்தது இவ்வளவு.

ஜெர்மனியில் கேமரா முன்னாலிருந்து முகத்தோடு படம் பிடிக்கும். ஓட்டியவர் யாரோ அவருக்குத்தான் தண்டனை. பைக்குக்கு முன்னால் நம்பர் பிளேட் கிடையாது என்பதால் தப்பிக்கலாம் என்று உனக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. அதனால்தான் பைக்காரர்களை அங்கேயே நிறுத்திப் பிடிப்பதும் உண்டு. வெளியூர்க்காரன் என்றால் அந்த இடத்திலேயே முன்பணம் வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்திரியாவில் வேகத்தோடு சத்தத்தையும் கவனி. ராய்ட்டே வட்டாரத்தில், உன் வழியிலேயே வரும், 2020-லிருந்து சில மலைச்சாலைகளில் சீசன் நாட்களில் 95 டெசிபலுக்கு மேல் சத்தமுள்ள பைக்குக்குத் தடை. வண்டிப் புத்தகத்தில் அந்த எண் இருக்கும். சாவி வாங்கும்போதே பார்த்துக்கொள். நீ உன் என்பீல்டு பைக்குக்கு வாங்கி மாட்டியிருக்கும் அந்த சைலென்சரை நினைத்தேன், சிரிப்பு வந்தது.

சுவிட்சர்லாந்தில்தான் நிஜமாகவே கவனமாக இரு. ஊருக்குள் 5 கிலோமீட்டர் கூடினாலே 40 பிராங்க், 10 வரை 120, 15 வரை 250. அதற்கு மேல் போனால் சும்மா ரசீது இல்லை, வழக்கு. 50 வரம்புள்ள ஊருக்குள் 100-ல் போனவனை அவர்கள் 'ராசர்' என்கிறார்கள். அதற்கென்றே 2013-ல் தனிச்சட்டம் வந்தது. சிறை உண்டு, வண்டியையே பறிமுதல் செய்யலாம். கேமரா எங்கே என்று காட்டும் கருவியை அங்கே வைத்திருப்பதே குற்றம். ஜெர்மனியிலும் ஓட்டும்போது அந்த மாதிரி ஆப் போடக் கூடாது. போனில் இருந்தால் அணைத்துவிடு.

பின்லாந்து உன் வழியில் இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே பெரிய வேகமீறலுக்கு அபராதம் வருமானத்தைப் பொறுத்தது, 1921-லிருந்தே அப்படித்தான். நோக்கியா கம்பெனியின் பெரிய அதிகாரி அன்ஸி வான்யோகி, 50 வரம்பில் 75-ல் ஹார்லி டேவிட்சன் ஓட்டியதற்கு 2002-ல் 1,16,000 யூரோ போட்டார்கள். பிறகு முறையீட்டில் குறைத்தார்கள் என்றாலும், அந்தத் தாளைக் கையில் வாங்கிய நிமிஷம் எப்படி இருந்திருக்கும்? இங்கே பெரிய தோப்புக்காரருக்கும் இளநீர் வண்டிக்காரனுக்கும் ஒரே தொகை. பெரியவருக்கு அது டீக்காசு. எனக்கு பின்லாந்து முறைதான் நியாயமாகப் படுகிறது, நான் இளநீர் வண்டிக்காரன் இல்லை என்றாலும்.

அபுதாபியில் இருக்கும் என் மச்சானிடம் இதைச் சொன்னேன். அவன் இன்னொரு கதை சொன்னான். துபாயில் போர்டில் இருப்பதற்கு மேல் 20 வரை கேமரா விட்டுவிடும். அபுதாபியில் 2018 ஆகஸ்டில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு, போர்டு எண்ணையே 20 கூட்டி எழுதிவிட்டார்கள். ஒரே ரோடு, ஒரே கார், நடுவில் எல்லை தாண்டியதும் முள்ளின் அர்த்தம் மாறுகிறது. அவர்களுக்கும் ஒரு கோபாலபுரம்.

இந்தக் கேமராவை உலகத்துக்குப் பிரபலமாக்கிய ஆள் யார் தெரியுமா? மாரிஸ் கேட்ஸோனிடஸ் என்கிற டச்சு ரேலி ஓட்டுநர், 1953 மாண்டி கார்லோ ரேலி ஜெயித்தவர். வளைவில் தன் வண்டி எவ்வளவு வேகம் போகிறது, இன்னும் எப்படிக் கூட்டலாம் என்று அளக்கச் செய்த கருவியாம் அது. வேகத்துக்குச் செய்த கருவி, கடைசியில் என்னைப் போன்றவன் சட்டைப்பையில் கை வைக்கிறது.

போகும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடு. 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். அதில் பைக் பிரிவுக்கு முத்திரை விழுந்திருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார். நம் லைசென்ஸ் அட்டையையும் கூடவே வைத்துக்கொள், தனியாக அந்தப் புத்தகம் மட்டும் செல்லாது. இத்தாலியில் பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளி வண்டிகள் நுழையத் தடையுண்டு, வாசலில் கேமரா இருக்கும். ஓட்டல் உள்ளே இருந்தால் முதலில் போன் செய்து கேள்.

இங்கே வேறு செய்தி பெரிதாக இல்லை. ஆழியாற்றுத் தண்ணீர் இந்த முறை கடைசி மடைக்கு வரவில்லை, தென்னைக்கு வெள்ளை ஈ தொல்லை குறையவில்லை. சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், பொள்ளாச்சிப் பக்கம் நல்ல இடம் இருந்தால் சொல்.

இத்தாலி வரை போனால் சிஸ்டருக்கு அரைக் கிலோ காப்பிப் பொடி வாங்கி வா. அவர் எதுவும் கேட்கவில்லை. படிவம் நிரப்பிக்கொண்டே, இங்கத்திக் காப்பியில் சிக்கரி அதிகம் என்று ஒரு வார்த்தை சொன்னார். பணம் நான் தருகிறேன்.

உன்,
ராமசாமி