இடம் மாறிய கொம்பு

அன்புள்ள கொம்பா,

நலம். உன் வீட்டிலும் எல்லோரும் சுகம்தானே? எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. முட்டிவலி, பேத்தி காதுகுத்து என்று காரணம் சொல்லலாம், நீ நம்ப மாட்டாய். திட்டைக் கடைசியில் மொத்தமாகத் திட்டிக்கொள்.

நம் அச்சக ஃபோர்மேன் கோபால் அண்ணன் காரியத்துக்கு நீ வராதது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. தெருமுனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்திருந்தால் முதலில் சிரித்திருப்பாய், அப்புறம் அழுதிருப்பாய். அவர் பெயரின் முதலெழுத்தே உடைந்து கிடந்தது. முதலில் க, அதன் பின்னால் இரட்டைக்கொம்பு, கடைசியில் கால். ஒரே ஒரு தலைகீழ் ன-வுக்காக நம் விரலில் அச்செழுத்துக் கோக்கிற ஸ்டிக்கால் தட்டிய மனிதருக்கு இந்த மரியாதை!

குற்றவாளி நான்தான்.

ஃப்ளெக்ஸ் கடைப் பையன் போன வருஷம் "பெரியப்பா, தடிமனா நல்ல தமிழ் எழுத்து சொல்லுங்க" என்று கேட்டான். 'பாலூ தம்பி'யைக் கொடுத்தேன். மும்பையில் 'ஏக் டைப்' என்று ஓர் எழுத்துருக் கூடம் இருக்கிறது. அவர்கள் செய்து இலவசமாகவே விட்டிருக்கிற குடும்பம் அது. பாலூ என்றால் இந்தியில் கரடி. எழுத்தும் அப்படித்தான், கொழுகொழு. ஒவ்வொரு லிபிக்கும் ஓர் உறவுப் பெயர்: வங்காளத்துக்குத் தா, பஞ்சாபிக்குப் பாஜி, தெலுங்குக்குத் தம்முடு, மலையாளத்துக்குச் சேட்டன். நமக்குத் தம்பி. அதாவது மலையாளம் அண்ணனாம், நாம் தம்பியாம்! இதற்கு ஒரு கண்டனக் கூட்டம் போட வேண்டாமா?

ஆனால் வேலை சுத்தம். நம் காலத்தில் கல்யாணப் பத்திரிகையில் இங்கிலீஷ் போல்டு பயில்வான் மாதிரி நிற்கும், பக்கத்தில் தமிழ் காய்ச்சலில் எழுந்தவன் மாதிரி இருக்கும். தமிழைத் தடிக்க வைப்பது லேசு இல்லை. ண-வுக்கு மூன்று சுழி, கோடு தடிக்கத் தடிக்க உள்ளே வெள்ளை அடைந்துபோகும். இதில் சுழி திறந்தே இருக்கிறது, பக்கத்து இங்கிலீஷும் அதே கனம். பத்திரிகை வேலைக்கு அவர்களுடையதே 'முக்தா மலர்' இருக்கிறது. மெலிசிலிருந்து தடிமன்வரை ஏழு கனம். நம் அச்செழுத்துக் கேஸில் ஒரு கனம் முழுசாக இருந்தாலே தீபாவளி!

சரி, கோ எப்படி உடைந்தது? இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. எழுத்துருவைத்தான் திட்டினேன். அப்புறம் கடைக்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். நாம் எப்படிக் கோத்தோம்? முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசை. பழைய கணினி எழுத்துருக்களும் அதே வழிதான். இப்போது கணினியும் போனும் எழுத்தைச் சேமிக்கிற முறையான யூனிகோடு அப்படி இல்லை. வாய் சொல்கிற வரிசையில் க-வை முதலில் வைக்கும், ஓகாரக் குறியை ஒரே துண்டாகப் பின்னால் வைக்கும். அதைப் பிளந்து கொம்பை முன்னே தள்ளுகிற வேலை எழுத்துருவுடையது இல்லை, எழுத்தைத் திரையில் அடுக்குகிற மென்பொருளுடையது. மென்பொருளுக்கு அந்த விதி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பையன் போனில் தட்டியதை ஏதோ ஒரு பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டியிருக்கிறான். அதில் இந்திய மொழிகளுக்கான செட்டிங் போடவே இல்லை. போட்டதும் கொம்பு தானாக முன்னால் போய் உட்கார்ந்தது. எனக்கு ஏனோ தொண்டை அடைத்தது.

எழுத்தைக் கொடுத்தவன் இதையும் சொல்லியிருக்க வேண்டாமா, கொம்பா? வாசிக்கத் தெரிந்த நூறு பேராவது அந்த பேனருக்குக் கீழே நடந்துபோனார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

பதினாறாம் நாளுக்கு என் செலவில் வேறு பேனர் அடித்துக் கட்டினேன். வைத்த பிறகு ஏணியில் ஏறி ஒவ்வொரு எழுத்தாக புரூஃப் பார்த்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

அண்ணன் மகள் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தாள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது உருக்கப் போடச் சொன்ன பழைய லை அச்செழுத்து, அந்தத் தும்பிக்கை லை, ஒரு பிடி அப்படியே இருக்கிறது. திருட்டு மனுஷன்! அந்தப் பெட்டியிலிருந்து ஓர் இரட்டைக்கொம்பு உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன், நேரில் வந்து வாங்கிக்கொள்.

உன்,
தலைகீழ் ன