ஓடும் ஆற்றில் அஸ்திவாரம் தோண்டியது எப்படி? பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அணை பற்றிய பாடத்தை நடத்தும்போதெல்லாம் உயரம், நீளம், கொள்ளளவு, கட்டி முடித்த ஆண்டு ஆகியவற்றை மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வருடம் முழுக்க ஓடும் ஆற்றின் நடுவே எப்படிக் குழி தோண்டினார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. அணை கட்டுவதில் அறிவுக்கு வேலை வைக்கும் இடமே அதுதான்.

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் மீது நிற்கும் ஹூவர் அணையைப் பாருங்கள். 1931இல் வேலை தொடங்கியதும் முதலில் எழும்பியது அணை அல்ல. பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சுரங்கங்களைக் குடைந்தார்கள். ஒவ்வொன்றும் 56 அடி விட்டம். உள்ளே கான்கிரீட் பூசியபின் 50 அடி. 1932 நவம்பரில் ஆறு அந்தச் சுரங்கங்களுக்குள் திரும்பியது. பிறகு அணை எழ வேண்டிய இடத்துக்கு மேற்புறம் ஒன்றும் கீழ்ப்புறம் ஒன்றுமாக மண்ணும் பாறையும் கொட்டித் தற்காலிக அணைகள். கீழ்ப்புறத்தில் எதற்கு? சுரங்கத்திலிருந்து வெளியே வரும் நீர் எதிர்த்து ஏறி வேலைக்களத்துக்குள் புகாமல் இருக்கத்தான். இரண்டுக்கும் நடுவில் தண்ணீரை இறைத்து, வண்டலை அள்ளி, கெட்டிப் பாறை தெரியும்வரை தோண்டினார்கள். 1933 ஜூனில் முதல் கான்கிரீட் விழுந்தது. 1935 பிப்ரவரியில் சுரங்க வாயில் கதவை இறக்கியதும் நீர் தேங்கத் தொடங்கியது.

இத்தனை வசதி இல்லாத காலத்தில் கட்டியது முல்லைப் பெரியாறு அணை. 1887 முதல் 1895 வரை நடந்த அந்த வேலையில், நீரைத் தடுக்கப் போட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துச் சென்றது. காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் தொழிலாளர்கள் மடிந்தார்கள். தேனி மாவட்டத்தில் அந்த அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள், வைக்க வேண்டியதுதான். ஆனால் அவர் எந்த வெள்ளத்தோடு போராடினார் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்த பதிப்பில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆற்றைத் திருப்புவது, களத்தை வற்ற வைப்பது, அணையை எழுப்புவது, வாயிலை மூடுவது என்று அடுத்தடுத்து நான்கு படங்கள் போதும். கீழ்ப்புறத் தற்காலிக அணையை மட்டும் மறக்காமல் வரையச் சொல்லுங்கள். அது இல்லாத படத்தை வைத்து என்னால் பாடம் நடத்த முடியாது.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை