பொகோலான் அச்சுத் துணி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வீட்டு அலங்காரப் பக்கத்தில் மெத்தை உறை, சுவர்த் துணி, மணிமாலை எல்லாவற்றையும் ‘ஆப்பிரிக்க டிசைன்’ என்ற ஒரே பெயரில் போட்டிருந்தீர்கள். கைவேலை என்று குறித்திருந்த கறுப்பு வெள்ளைத் துணி, ஆலையில் அச்சடித்தது. கைவேலைக்கான விலையைக் கொடுத்து வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

அந்த அச்சு எதைப் பார்த்துப் போட்டதோ, அதன் பெயர் பொகோலான்ஃபினி, சுருக்கமாகப் பொகோலான். மாலி நாட்டுத் துணி. பம்பாரா மொழியில் ‘பொகோ’ என்றால் சேறு, ‘ஃபினி’ என்றால் துணி. குறுகிய தறியில் நெய்த நான்கைந்து அங்குலப் பருத்திப் பட்டைகளைப் பக்கவாட்டில் கையால் தைத்துச் சேர்த்து, ‘ங்கலாமா’ மர இலை ஊறிய நீரில் தோய்த்து வெயிலில் போட்டால் அடர்ந்த மஞ்சள் ஏறும். அது கடுக்காய்க் குடும்பத்து மரம். இலையில் துவர்ப்பு அதிகம். குளத்தடிச் சேற்றை மாதக்கணக்கில், சிலர் ஓராண்டு வரைகூட, மண்பானையில் புளிக்கவைத்து மூங்கில் குச்சியாலோ தகட்டாலோ பூசுகிறார்கள். சேற்றிலுள்ள இரும்பும் இலையின் துவர்ப்பும் சேர்ந்து நூலிலேயே கறுத்துவிடும். சேற்றைக் கழுவினாலும் கறுப்பு நிற்கும். சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலம்காரியில் கடுக்காய் தோய்த்த துணிமேல் இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு எழுதுவதும் இதே கணக்குதான்.

வரைபவர் கோலத்தைத் தொடுவதே இல்லை. அதைச் சுற்றியுள்ள இடத்தைத்தான் சேற்றால் நிரப்புகிறார். ஒரு மெல்லிய கோடு தெரிய அதன் இருபுறமும் கை நடுங்காமல் பூச வேண்டும். ஒரு பூச்சில் சாம்பலும் பழுப்புமாகவே வரும். மறுபடி தோய்த்து, காயவைத்து, பூசினால்தான் கருமை. கடைசியில் மஞ்சளாக நிற்கும் கோடுகளின் மேல் காரச் சோப்பைத் தடவி, ஒரு வாரம் வெயிலில் வைத்துக் கழுவுவார்கள். வெள்ளை அப்போதுதான் பிறக்கிறது.

பின்பக்கம் வெளிறியிருந்தால் அச்சு என்று சொல்வார்கள். பொகோலானுக்கு அது பொருந்தாது. சேறும் ஒரு பக்கம்தான் பூசப்படுகிறது. பட்டைகளை இணைக்கும் தையல் இருக்கிறதா, ஒரே உருவம் மறுபடி வரும்போது கோட்டின் தடிமன் கொஞ்சமாவது மாறுகிறதா என்று பாருங்கள். அச்சில் அது மயிரிழை மாறாது. உருவம் வெட்டிய தகட்டை (ஸ்டென்சில்) வைத்துச் சேறு பூசிய மலிவுத் துணியும் உண்டு. அது சேற்றுத் துணிதான், ஆனால் வேலை குறைவு. விலையும் குறைய வேண்டும்.

மாலியின் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ் சேதூ (1949–1994) இந்தத் துணியில் ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்து உலகப் புகழ் பெற்றார். தைக்க நினைப்பவர்கள் முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவைக்க வேண்டும், கட்டாயம் சுருங்கும். வெட்டும் கோட்டின் இருபுறமும் மெஷின் தையல் ஓட்டிய பிறகே கத்தரியை வையுங்கள். இல்லாவிட்டால் பட்டைகளின் கைத்தையல் அவிழ்ந்துகொண்டே போகும். எலுமிச்சைச் சாறு பட்டால் கறுப்பு வெளுக்கும். ப்ளீச்சிங் பவுடர் பட்டால் துருநிறத் திட்டு விழும்.

இரும்பு நாளடைவில் பருத்தியை அரிக்கும் என்பதால் கறுப்புப் பகுதிதான் முதலில் இற்றுப்போகும். உட்காரும் மெத்தைக்கு இந்தத் துணி வேண்டாம். சோபாவின் முதுகுக்கோ சுவருக்கோ போடலாம். சுவரில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் பிடித்த இடம் கிழியும். மேல் ஓரத்தில் வேறு துணியால் நீளக் குழாய் தைத்து, கம்பைச் செருகினால் எடை பரவும்.

படத்திலிருந்த மாலை கானா நாட்டுக் கிரோபோ இனத்தவர் செய்யும் கண்ணாடி மணி போலத் தெரிகிறது. பழைய பாட்டிலை இடித்துச் சலித்த கண்ணாடிப் பொடியைக் களிமண் அச்சுக் குழிகளில் நிரப்பி, நடுவில் மரவள்ளி இலைக் காம்பை நட்டுச் சூளையில் வைக்கிறார்கள். காம்பு எரிந்து போன இடமே துளை. அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய வெள்ளைக் களிமண் துளைக்குள் தங்கியிருக்கும். அந்தச் சொரசொரப்பு நாளடைவில் நூலை அறுத்துவிடும். மணிகளை ஓரிரவு ஊறவைத்து, சன்னக் கம்பியால் துளையைச் சுரண்டிவிட்டு, மெழுகு தேய்த்த இரட்டை நூலில் மணிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொல்லுங்கள். அறுந்தாலும் ஒன்றுதான் விழும்.

அடுத்த முறை படத்தின் கீழே துணியின் பெயரையும் நாட்டின் பெயரையும், அச்சா கைவேலையா என்பதையும் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
இயற்கைச் சாய வேலை செய்யும் வாசகர்கள்,
கும்பகோணம்.