பத்து வரை சட்டம், பதினொன்று குற்றம்: அமெரிக்க காங்கிரஸின் நீதித்துறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

இரு அவைகளிலும் நீதித்துறைக் குழுவில் இருக்கும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் ஒஹாயோவில் வாழும் வாக்காளன். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக வரும். இங்கே குடியேறி, குடியுரிமையும் வாங்கிவிட்டு, துப்பாக்கிச் சட்டம் என்று யாராவது பேச்செடுத்தால் "அது அவங்க சண்டை" என்று நகர்ந்துவிடும் என் ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன்.

விஷயம், மத்தியத் துப்பாக்கிச் சட்டத்தில் 922ஆம் பிரிவின் 'ஆர்' உட்பிரிவு. 1990இல் குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் ஓர் அங்கமாக நீங்கள் நிறைவேற்றியது. விளையாட்டுக்கும் வேட்டைக்கும் உகந்ததல்ல என்று இறக்குமதி மறுக்கப்பட்ட செமி ஆட்டோமேட்டிக் (விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு பாயும்) ரைஃபிளை, இறக்குமதிப் பாகங்களைக் கொண்டு இங்கே யாரும் பூட்டி முடிக்கக் கூடாது என்கிறது அது. வேண்டுமென்றே மீறினால் 5 ஆண்டு வரை சிறை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை பாகம் வெளிநாட்டதாக இருந்தால் அது குற்றம்? நீங்கள் சொல்லவில்லை. துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் மத்திய அரசின் ஏ.டி.எஃப். அமைப்பு பின்னால் ஒரு விதி எழுதி அந்த இடத்தை நிரப்பியது. 20 பாகங்களுக்கு ஒரு பட்டியல் போட்டது. அதில் 10 வரை வெளிநாட்டுச் சரக்காக இருக்கலாம். பதினொன்றானால் குற்றம்.

என்னிடம் ருமேனியாவில் செய்த ஏகே வகை ரைஃபிள் ஒன்று இருக்கிறது. முறையாக வாங்கியது, பூட்டிய பெட்டியில் இருப்பது. அதைப் பிரித்து மேசையில் பரப்பினால் உங்கள் சட்டம் நன்றாகப் புரியும். ரிசீவர், பேரல், அதைத் தாங்கும் டிரனியன், போல்ட், போல்ட் கேரியர், கேஸ் பிஸ்டன், குழல் முனையில் திருகியிருக்கும் துண்டு, தோள்கட்டை, முன்கைப்பிடி எல்லாம் ருமேனியா. ஹேமரின் பக்கவாட்டில் மட்டும் 'யுஎஸ்' என்று பொடி எழுத்தில் அடித்திருக்கும். டிரிகரும் டிஸ்கனெக்டரும் இங்கே செய்தவை. பிஸ்டல் கிரிப் இந்த ஊர் பிளாஸ்டிக். குண்டுகளை அடைத்து மாட்டும் மேகஸினும் அமெரிக்கச் சரக்குதான்.

மேகஸினை ஒரு பொருள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பட்டியலில் அது மூன்று: கூடு, உள்ளே குண்டை மேலே தள்ளும் ஃபாலோயர், அடித்தகடு. சரி, இப்போது எண்ணுங்கள். அமெரிக்க மேகஸின் மாட்டியிருக்கும்போது என் ரைஃபிளில் வெளிநாட்டுப் பாகம் ஒன்பது. நான் யோக்கியன். சுட்டுப் பழகும் ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் அன்போடு தன்னுடைய பல்கேரிய மேகஸினை நீட்டுகிறார். அதே கொள்ளளவு, அதே குண்டு, அதே வேகம். மாட்டினால் கணக்கு பன்னிரண்டு. சட்டத்தின் எழுத்தைப் பிடித்துப் படித்தால், ஒரு விநாடியில் நான் குற்றவாளி. கழற்றிக் கொடுத்துவிட்டால் மறுபடியும் யோக்கியன். இதனால்தான் பழைய வெளிநாட்டு மேகஸினுக்கு அமெரிக்க அடித்தகடும் ஃபாலோயரும் தனியாக விற்கிறார்கள், நாங்களும் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம். அந்த ரசீதால் யாருடைய உயிரும் காப்பாற்றப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது உங்கள் அவைக் குறிப்புகளிலேயே இருக்கிறது. 1950களில் ஐரோப்பியப் போர்க்கிடங்குகளில் மிஞ்சிய துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக இங்கே வந்து மலிவு விலைக்குப் போயின. கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பக்கத்துத் துப்பாக்கித் தொழிற்சாலைகளுக்கு அது வயிற்றில் அடி. மாசசூசெட்ஸ் செனட்டராக இருந்த ஜான் கென்னடி 1958இல் அந்த இறக்குமதியைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். ஐந்து ஆண்டு கழித்து, தபாலில் வாங்கப்பட்ட அப்படியொரு இத்தாலிய ராணுவ ரைஃபிள்தான் அவர் உயிரைக் குடித்தது. 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'விளையாட்டுக்கு உகந்ததா' என்ற சோதனை இறக்குமதிக்கு மட்டும் நுழைந்தபோது, பாதுகாப்பும் வியாபாரமும் ஒரே வாக்கியத்துக்குள் புகுந்துகொண்டன. இன்னும் பிரியவில்லை.

அப்புறம் ஸ்டாக்டன். 1989 ஜனவரி 17 அன்று கலிபோர்னியாவின் அந்த ஊரில், பள்ளி மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒருவன் சீனாவில் செய்த ஏகே வகை ரைஃபிளால் சுட்டான். ஐந்து குழந்தைகள் செத்தார்கள். அந்த ஆண்டே மூத்த புஷ்ஷின் அரசு 43 வகை ரைஃபிள்களின் இறக்குமதியை நிறுத்தியது. செய்ய வேண்டிய நேரத்தில் செய்தார்கள் என்றே சொல்வேன். ஆனால் தடை நின்றது எதன் மேல்? பிஸ்டல் கிரிப், மடிக்கும் தோள்கட்டை, பயனெட் மாட்டும் கொக்கி மாதிரி வெளித்தோற்றச் சமாச்சாரங்கள் மேல். கொஞ்ச நாளிலேயே சீனத் தொழிற்சாலை கொக்கியை எடுத்துவிட்டு, பிஸ்டல் கிரிப்புக்குப் பதில் கட்டைவிரல் நுழைய ஓட்டை போட்ட மரக்கட்டையைப் பூட்டி, மாக்-90 என்று பெயர் வைத்து அதே துப்பாக்கியை அனுப்பியது. துறைமுகத்தில் உள்ளே விட்டார்கள். தடைசெய்யப்பட்டதற்கும் அனுமதிக்கப்பட்டதற்கும் நடுவே இருந்தது ஒரு துண்டு மரம்.

'ஆர்' உட்பிரிவு அந்த ஓட்டையை அடைக்க வந்தது என்பார்கள். அடைத்ததா? என் ரைஃபிளின் பிறப்பே பதில். ருமேனியாவிலிருந்து 'விளையாட்டு' வடிவத்தில் வருகிறது, குறுகலான மேகஸினோடு. இங்கே வெர்மான்ட்டில் இறக்குமதியாளரின் பட்டறையில் மேகஸின் வாயை அகலப்படுத்தி, அமெரிக்கப் பாகங்களைப் பூட்டி, எண்ணிக்கையைச் சரிபார்த்து, கடைக்கு அனுப்புகிறார்கள். எல்லாம் சட்டப்படி. 2005இல் ஏ.டி.எஃப். இறக்குமதி மறுக்கப்பட்ட துப்பாக்கிகளின் பேரல்கள் தனியாக வருவதையும் நிறுத்தியது. உள்நாட்டில் பேரல் செய்பவர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. அவர்கள் பிழைப்பில் மண் போட எனக்கு ஆசையில்லை. உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் சுங்கவரி போடுங்கள். அதற்கு ஏன் ஜெயில்?

2019 ஜூலை 28 அன்று அதே கலிபோர்னியாவின் கில்ராயில், பூண்டுத் திருவிழாவில் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றவன் கையில் இருந்தது என்னுடையதைப் போன்ற ருமேனிய ரைஃபிள்தான். செத்தவர்களில் ஒருவன் ஆறு வயதுப் பையன். அந்தத் துப்பாக்கியில் எத்தனை பாகம் அமெரிக்காவில் செய்தது என்ற கேள்வி அன்று யாருக்காவது தேவைப்பட்டதா? சுட்டவனுக்கு வயது 19. கலிபோர்னியா அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே நீளத் துப்பாக்கி வாங்கும் வயதைப் பொதுவாக 21 ஆக்கியிருந்தது. பக்கத்து நெவாடாவில் 18 போதும். அங்கே வாங்கினான். அந்தக் கொலையில் சட்டத்துக்குத் தடுக்க ஓர் இடம் இருந்தது என்றால் அது வயது. நாடு முழுக்க ஒரே வயது என்று சட்டம் போட வேண்டியவர்கள் நீங்கள்.

பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பள்ளிகளை சாண்டி ஹூக், பார்க்லேண்ட், யுவால்டி என்று வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பள்ளிகளிலும் பயன்பட்டவை ஏஆர்-15 வகை ரைஃபிள்கள், மூன்றும் அமெரிக்கத் தயாரிப்பு. முழுக்க உள்நாட்டுச் சரக்கு என்பதால் 922(ஆர்) அவற்றைத் தொடவே தொடாது. என் பிள்ளைகள் பள்ளியில் விளக்கை அணைத்துவிட்டு மூலையில் சத்தமில்லாமல் உட்காரப் பயிற்சி எடுக்கிறார்கள். கதவுக்கு வெளியே நிற்பவன் கையில் இருப்பது எந்த நாட்டுச் சரக்கு என்று பார்த்தா அவர்கள் பயப்படப் போகிறார்கள்?

துப்பாக்கி உரிமைக்காரர்கள் இந்த உட்பிரிவை நீக்கச் சொல்வார்கள். நானும் அதையே சொல்வதால் என்னை அந்த வரிசையில் நிறுத்திவிடாதீர்கள். வாங்குபவரின் பின்னணிச் சோதனை எல்லா விற்பனைக்கும் வேண்டும், வாங்க 21 வயது வேண்டும் என்பவன் நான். மேகஸின் கொள்ளளவுக்கு வரம்பு வந்தாலும், அது ருமேனிய ரைஃபிளுக்கும் அமெரிக்க ரைஃபிளுக்கும் ஒன்றாக இருக்கும் வரை, முணுமுணுத்துக்கொண்டாவது ஏற்றுக்கொள்வேன். ரேஞ்சில் என்னோடு நிற்பவர்கள் பலருக்கு இது பிடிக்காது. பரவாயில்லை, அவர்களோடு நேரில் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'ஆர்' போனால் துண்டாக்கி அனுப்பப்படும் பழைய ராணுவத் துப்பாக்கிகளை இங்கே ஒன்றுசேர்ப்பது இன்னும் சுலபமாகும். அது கவலை தரும் என்றால், அந்தக் கவலை பக்கத்துக் கடையில் தொங்கும் முழு அமெரிக்கத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும். இரண்டும் செய்வது ஒரே வேலை.

நான் கேட்பது ஒரு விசாரணைக் கூட்டம். ஏ.டி.எஃப். அதிகாரிகளை அழையுங்கள். 1990 முதல் இன்று வரை இந்த உட்பிரிவின் கீழ் மட்டும் எத்தனை பேர் மேல் வழக்குப் போட்டார்கள், அதில் எத்தனை வழக்கு வேறு குற்றம் எதுவும் செய்யாத ஆட்கள் மேல் என்று கேட்டு, பதிலைப் பொதுவில் வையுங்கள். 20 பாகப் பட்டியலையும் ஒரு ரைஃபிளையும் சாட்சி மேசையில் வைத்து, பதினோராவது பாகத்தில் என்ன ஆபத்து கூடுகிறது என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் உட்பிரிவை எடுத்துவிட்டு, அதே அமர்வில் 21 வயது மசோதாவை வாக்கெடுப்புக்கு விடுங்கள். என் தொகுதி உறுப்பினர் அதில் எந்தப் பக்கம் கை தூக்குகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த தேர்தலில் நானும் என் வீட்டாரும் ஓட்டுப் போடுவோம்.

இப்படிக்கு,
ஒஹாயோ வாக்காளர் ஒருவர்