வெளிவராத பாடல்கள் பற்றி

அனைவருக்கும் வணக்கம். நம் சுங்கை சிப்புட் மைக்கல் ஜாக்சன் ரசிகர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நேற்றிரவு வந்த, அவருடைய வெளிவராத பாட்டுகள் கசிந்த பதிவிறக்க இணைப்பை நான்தான் நீக்கினேன். தம்பிகள் கோபப்பட வேண்டாம்.

மைக்கல் பாடி வெளியிடாத பாட்டுகள் ஏராளம். பாதியில் நின்ற டெமோ (மாதிரிப் பதிவு), வரி அமையாமல் மெட்டை மட்டும் முணுமுணுத்த பதிவு என்று பலவகை. எது எந்த ஆண்டில் பதிவானது என்று பட்டியல் போடும் வேலையைத் தொடர்வோம், எனக்கு அதில் உயிர். ஆனால் திருட்டுப்போன கோப்பு இங்கே வேண்டாம். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் நமக்கும் உண்டு.

அப்புறம், கசிந்ததெல்லாம் அவர் குரல் என்று நம்பிவிடாதீர்கள். அவர் மறைந்தபின் 2010-இல் முறையாக வெளிவந்த ஆல்பத்திலேயே மூன்று பாட்டுகள் அவர் குரல்தானா என்று ரசிகர்கள் சந்தேகப்பட்டார்கள். 2022-இல் அவை ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து எடுக்கப்பட்டன. இன்று கணினியே குரலைச் செய்துவிடுகிறது, காது ஏமாந்துபோகும்.

1996 அக்டோபரில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் நடந்த அவருடைய இசை நிகழ்ச்சிக்குப் போன அண்ணன், அக்காமார்களே, டிக்கெட், நாளிதழ்த் துண்டு எது இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள். பழைய கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தால் ஓடவிடாதீர்கள், நாடா அறுந்துவிடும். அப்படியே என்னிடம் கொடுங்கள், துடைத்துத் தருகிறேன்.